ஐந்து விரலும் ஒன்றல்ல: எட்யூட் பிறந்த கதை

பியானோ இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஆர்மோனியம் போதும். வலது கைப் பெருவிரலை, மூன்று கட்டை என்று நாம் சொல்லும் ‘ஈ’ மேல் வையுங்கள். அதற்கு அடுத்தாற்போல் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்தாற்போல நிற்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் அவற்றின் மேல் வையுங்கள். சுண்டு விரல் தானாக ‘பி’ என்ற வெள்ளைக் கட்டையில் வந்து அமரும். இப்போது கையைக் கவனியுங்கள். நீளமான மூன்று விரல்களுக்கு உயரமான கட்டைகள், குட்டையான இரண்டு விரல்களுக்குத் தாழ்ந்த கட்டைகள். எந்த விரலையும் மடக்க வேண்டாம், நீட்ட வேண்டாம். திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தது போலக் கை நிம்மதியாக இருக்கிறது.

பாரிஸில் பியானோ மேதை ஃபிரெடெரிக் ஷோப்பான் தன் மாணவர்களின் கையை இப்படித்தான் அமர வைத்தார். முதல் பாடம் என்றால் வெள்ளைக் கட்டைகளில் மட்டும் நடக்கும் சி மேஜர் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் வழக்கம். ஷோப்பானோ, கண்ணுக்குச் சுலபமான சி மேஜர்தான் கைக்கு எல்லாவற்றிலும் கஷ்டம், கறுப்புக் கட்டைகள் நிறைந்த பி மேஜரில் தொடங்குங்கள் என்றார். பியானோ வாசிப்பு பற்றி ஒரு கையேடு எழுத ஆரம்பித்து முடிக்காமல் விட்ட குறிப்புகளில் அதற்குக் காரணமும் சொல்கிறார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அமைந்தவை. எல்லாவற்றையும் சமமாக்கப் பாடுபடுவது இயற்கைக்கு விரோதம். ஒவ்வொரு விரலுக்கும் உரிய தொடுகையின் அழகைக் கெடுக்காமல் வளர்ப்பதே பயிற்சி.

ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பேசும்போது வரும் வார்த்தை அது. பியானோ உலகம் அந்த எளிய உண்மையை ஒத்துக்கொள்ள நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஒத்துக்கொண்ட இடத்தில் பிறந்ததுதான் எட்யூட்.

எட்யூட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் படிப்பு, பயிற்சி என்று பொருள். விரல் பழகுவதற்காக எழுதிய சிறு உருப்படி. கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க வேண்டிய அந்தப் பாடம், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்கும் கச்சேரி உருப்படியாக எப்படி வளர்ந்தது என்பதுதான் கதை.

பெருவிரலுக்கு வேலை வந்தது

பியானோவைச் செய்தவர் பர்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி. இத்தாலியின் படுவா நகரத்துக்காரர். ஃபிளாரன்ஸில் மெடிச்சி இளவரசர் ஃபெர்டினாண்டோவின் வாத்தியங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்த அரண்மனையின் 1700-ஆம் ஆண்டு வாத்தியப் பட்டியலில், மெல்லவும் உரக்கவும் ஒலிக்கக்கூடிய அவருடைய புது வாத்தியம் ஒன்று பதிவாகியிருக்கிறது. அதுவரை அரசவைகளில் வாசித்தது ஹார்ப்சிகார்டு. அதில் கட்டையை அழுத்தினால் சிறு முள் ஒன்று தந்தியைச் சுண்டும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். தொடுகைக்கேற்ப ஒலிக்கும் கிளாவிகார்டும் இருந்தது, ஆனால் அதன் சத்தம் ஒரு சிறிய அறையைத் தாண்டாது. கிறிஸ்தோஃபோரி முள்ளுக்குப் பதிலாகத் தோல் ஒட்டிய சுத்தியலை வைத்தார். விரலின் வேகம் சுத்தியலுக்குப் போயிற்று, சுத்தியலின் வேகம் ஒலியாயிற்று. அவர் செய்த பியானோக்களில் மூன்று இன்றும் இருக்கின்றன. 1720-ஆம் ஆண்டினது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த வாத்தியத்துக்கென்றே முதலில் அச்சேறிய இசை, லொடொவிக்கோ ஜியுஸ்தினி 1732-இல் ஃபிளாரன்ஸில் வெளியிட்ட 12 சொனாட்டாக்கள்.

வாத்தியம் மாறிய வேகத்தில் கை மாறவில்லை. பழைய வாசிப்பில் பெருவிரலுக்கு அதிக வேலை இல்லை. சுர வரிசையை ஓட்ட வேண்டுமென்றால் நீளமான விரல்கள் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு போகும். நடுவிரல் மோதிர விரலின் மேலேறிக் கடக்கும். யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக் 1753-இல் வெளியிட்ட வாசிப்பு நூலில், தன் தந்தை சொல்லக் கேட்டதைப் பதிவு செய்கிறார். தந்தையின் சின்ன வயதில் பெரிய வித்வான்கள்கூட, மற்ற விரல் எட்டாத தூரத்துக்கு மட்டும்தான் பெருவிரலைப் பயன்படுத்தினார்களாம். தந்தை பாக் அதை மற்ற நான்கு விரல்களோடு பந்தியில் உட்கார வைத்தார். பெருவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவரப் பழகியதும், கை தடையில்லாமல் கட்டை வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடத் தொடங்கியது.

இந்த நூல் கைமாறிய வழியும் கதையோடு சேர்ந்தது. வியன்னாவில் கார்ல் செர்னி என்ற சிறுவன் தன்னிடம் படிக்க வந்தபோது, அந்த நூலை வாங்கி வரச் சொன்னார் பீத்தோவன். எல்லா ஸ்கேல்களையும் வாசிக்க வைத்து, பெருவிரலின் உபயோகத்தை விளக்கினார். அந்தச் செர்னியிடம் பின்னாளில் ஹங்கேரியிலிருந்து ஒரு சிறுவனைத் தகப்பனார் அழைத்து வந்தார். அவன் பெயர் பிரான்ஸ் லிஸ்ட்.

கட்டிப்போட்ட கைகள்

1781, டிசம்பர் 24. வியன்னா அரண்மனையில் பேரரசர் இரண்டாம் ஜோசப் இரண்டு வித்வான்களைப் போட்டியாக வாசிக்க வைத்தார். ஒருவர் மொசார்ட். இன்னொருவர் இத்தாலியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த முஸியோ கிளெமென்டி. இரண்டு சுரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே வேகமாக ஓடும் ‘தேர்டு’ வரிசைகளில் கிளெமென்டி கெட்டிக்காரர். மொசார்ட் அதை ரசிக்கவில்லை. கிளெமென்டி வெறும் யந்திர வாசிப்புக்காரர் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்த மாதிரி உருப்படிகளை அதிகம் பழகி, நிதானமான கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அக்காவுக்கும் சொல்லி அனுப்பினார். விரலின் சாமர்த்தியம் வேறு, சங்கீதம் வேறு என்று அந்தக் கடிதங்களில் மொசார்ட் போட்ட கோட்டை அழிக்க ஐம்பது வருஷம் ஆயிற்று.

அந்த ஐம்பது வருஷத்தில் பியானோ அரண்மனையை விட்டு நடுத்தர வீடுகளுக்குள் வந்துவிட்டது. லண்டனில் பிராட்வுட், பாரிஸில் எரார், பிளேயல் என்று பட்டறைகள் பெருகின. வாத்தியம் வாங்கிய வீட்டுக்கு வாத்தியார் வேண்டும், வாத்தியாருக்குப் பாடப் புத்தகம் வேண்டும். கிளெமென்டியின் சீடர் யோஹான் பாப்டிஸ்ட் கிராமர் 1804-இலும் 1810-இலும் மொத்தம் 84 பயிற்சி உருப்படிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றும் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதையே ஆரம்பம் முதல் கடைசிவரை நெய்துகொண்டு போகும். எட்யூட்டின் உடம்பு இந்தப் புத்தகத்தில் தயாராகிவிட்டது. கிளெமென்டியும் 1817 முதல் 1826 வரை மூன்று பாகங்களாக 100 உருப்படிகள் வெளியிட்டார். போலந்தின் மரியா ஷிமனோவ்ஸ்கா என்ற பெண் வித்வான் 1820 வாக்கில் லைப்சிக்கில் அச்சிட்ட 20 பயிற்சிகளில், பாடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டாகிக்கொண்டிருந்தது.

செர்னி காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணிவரை பாடம் சொல்லிக்கொடுத்த உழைப்பாளி. அவருடைய வெளியீடுகளின் வரிசை எண், அதாவது ஓப்பஸ், 861 வரை போகிறது. விரைவு வாசிப்புக்கான ஓப்பஸ் 299 இன்றும் சென்னையில் பியானோ தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடுகிறது. அவரைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நாள்தோறும் உட்கார்ந்து கையை வளர்க்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை ஐரோப்பாவின் வீடுவீடாகக் கொண்டுபோனவர் அவர்.

ஆனால் அந்தக் காலத்தின் ஆசை எல்லா விரலையும் ஒரே அச்சில் வார்த்துவிட வேண்டும் என்பதாக இருந்தது. ஜெர்மனியில் பிறந்து டப்ளினில் வாழ்ந்த யோஹான் பெர்ன்ஹார்ட் லோஜியே 1814-இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பியானோவின் முன்னால் பொருத்தும் மரச்சட்டம் அது. மணிக்கட்டு இரண்டு சட்டங்களுக்கு நடுவில் நுழையும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிக் கூடு இருக்கும். கை ஆடாது, விரல் மட்டும் ஏறி இறங்கும். பாரிஸின் பெரிய வித்வான் ஃபிரிட்ரிஷ் கால்க்பிரென்னர் இதைச் சுருக்கி, முன்கையைத் தாங்கும் ஒற்றைச் சட்டமாக்கினார். லைப்சிக்கில் ராபர்ட் ஷூமன் என்ற இளைஞர் விரலை வசப்படுத்தும் வேகத்தில் ஒரு கருவியையும் பயன்படுத்தினார். 1832 வாக்கில் அவருடைய வலது கை விரல் முடங்கியது, மேடை வித்வானாகும் கனவும் அதோடு போயிற்று. இசை எழுதுபவராக அவர் பின்னால் எவ்வளவோ உயர்ந்தார். இருந்தாலும் அந்த விரலை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கலங்குகிறது. இயற்கையாக வேறுபட்டதைச் சமமாக்கப் போன காலத்தின் முத்திரை அது.

வார்சாவில் ஓர் இலையுதிர் காலம்

1829-இல் வயலின் மேதை பாகனினி வார்சாவுக்கு வந்து வரிசையாகக் கச்சேரிகள் செய்தார். கேட்டவர்களில் 19 வயது ஷோப்பானும் உண்டு. அந்த அக்டோபரில் நண்பர் டிட்டுஸுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பெரிய பயிற்சியைத் தன் சொந்தப் பாணியில் எழுதியிருப்பதாகத் தெரிவிக்கிறார். அவர் அதற்குக் கொடுத்த பெயர் வெறும் பயிற்சிதான். பின்னால் ஓப்பஸ் 10 என்று உலகம் அறிந்த 12 எட்யூட்கள் தொடங்கியது அப்போதுதான்.

இரண்டு வருஷம் கழித்துப் பாரிஸுக்கு வந்தவரிடம் கால்க்பிரென்னர், தன்னிடம் மூன்று வருஷம் பாடம் கேட்டால் முழு வித்வானாக்கிவிடுவதாகச் சொன்னார். ஷோப்பானுக்கு அவர் வாசிப்பின் மேல் பெரிய மரியாதை உண்டு. யோசித்தார், வீட்டுக்கும் தன் பழைய ஆசிரியருக்கும் எழுதிக் கேட்டார், கடைசியில் நன்றியோடு மறுத்துவிட்டார். பெட்டிக்குள் ஏற்கெனவே சில எட்யூட்கள் இருந்தன.

ஓப்பஸ் 10-இன் முதல் உருப்படியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வலது கைக்கு சி, ஜி, மேல் சி, அதற்கும் மேல் ஈ என்று நான்கு சுரங்கள். ஒரு ஸ்தாயியைத் தாண்டிய அகலம். நான்கையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டுமென்றால் ராட்சதக் கை வேண்டும். ஷோப்பானின் கை அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொன்றாகத் தொட்டுக் கடக்கும்போது மணிக்கட்டு பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்து, விரலைச் சுரத்தின் மேல் கொண்டுபோய் விடுகிறது. ஆற்றில் துடுப்பு போடுகிறவரின் தோள் அசைவது போல முழுக் கையும் அசைய வேண்டும். லோஜியேயின் சட்டத்துக்குள் கையை வைத்துக்கொண்டு இதன் முதல் வரியைக்கூட வாசிக்க முடியாது. இந்த அலை கீழிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டேயிருக்க, இடது கை அடியில் கோயில் மணி போல ஸ்தாயி சேர்த்து நிதானமாக ஒலிக்கிறது.

இரண்டாவது உருப்படி இன்னும் நூதனம். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டைகூட விடாமல் ஓடும் வரிசையை நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் வாசிக்க வேண்டும். கையின் பலம் குறைந்த பாதி அது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கையில் வேறு வேலையாகச் சிறு சுரக்கூட்டுகளைத் தட்டிக்கொண்டிருக்கும். பெருவிரல் உதவிக்கு வராததால், மூன்று விரல்களும் ஒன்றன்மேல் ஒன்று தாண்டித்தான் போயாக வேண்டும். பெருவிரல் பந்திக்கு வந்தபின் கைவிடப்பட்ட அந்தப் பழைய நடை, நூறு வருஷம் கழித்து இங்கே திரும்பி வருகிறது. மாணவர் தடுமாறக் கூடாது என்று ஏறக்குறைய எல்லாச் சுரத்துக்கும் மேலே விரல் எண்ணைத் தானே எழுதிவைத்தார் ஷோப்பான்.

மூன்றாவதில் ஓட்டமே இல்லை. கைப்பிரதியில் வேகமான நடை என்று முதலில் குறித்திருந்ததை, அச்சில் நிதானமான நடையாக மாற்றிவிட்டார். ஈ மேஜரில் ஒரு பாட்டு. அதைச் சுண்டு விரலும் மோதிர விரலும் பாட வேண்டும். பக்கவாத்தியமாகத் துணைவரும் சுரங்களை அதே கையின் மற்ற விரல்கள் தணிந்த குரலில் வாசிக்க வேண்டும். ஒரே உள்ளங்கைக்குள் பாடகரும் பக்கவாத்தியமும். விரல்கள் சமமாகிவிட்டால் இந்த உருப்படி செத்துவிடும். ஒவ்வொரு விரலும் தன் எடையில், தன் குரலில் பேசினால்தான் பாட்டு மேலே எழும். எட்யூட் பிறந்த இடம் எது என்று என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். கையின் சிக்கலையும் மனதின் உருக்கத்தையும் இங்கே யாராலும் பிரிக்க முடியாது.

ஓப்பஸ் 10 அச்சானது 1833-இல். பெர்லின் விமர்சகர் லுட்விக் ரெல்ஷ்டாப், கோணல் விரல் உள்ளவர்களுக்கு இது நிமிர்த்தும் வைத்தியமாகலாம், மற்றவர்கள் வைத்தியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கட்டும் என்ற பொருளில் சாடினார். நான்கு வருஷம் கழித்து ஓப்பஸ் 25 வந்தது, இன்னும் 12 உருப்படிகளோடு. அதன் ஆறாவது எட்யூட் முழுக்கத் தேர்டு வரிசை. மொசார்ட் அக்காவை எச்சரித்த அதே வித்தை இப்போது பனிக்காற்று போல மெல்லிய குரலில் சலசலத்து ஓடியது. அவர் போட்ட கோடு அழிந்துவிட்டது.

மேடைக்கு வந்த பாடம்

ஓப்பஸ் 10-ஐ ஷோப்பான் காணிக்கையாக்கியது லிஸ்ட்டுக்கு. 1833-இல் ஒரு நாள் ஷோப்பான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே லிஸ்ட் பக்கத்தில் அந்த எட்யூட்களை வாசித்துக்கொண்டிருந்தார். என் உருப்படிகளை இவர் வாசிக்கும் விதத்தை இவரிடமிருந்து திருடிக்கொள்ள ஆசையாக இருக்கிறது என்று அந்தக் கடிதத்திலேயே மனம்விட்டு எழுதினார் ஷோப்பான்.

லிஸ்ட்டையும் உலுக்கியவர் பாகனினிதான். 1832-இல் பாரிஸில் அவரைக் கேட்ட பிறகு, தேர்டு, அதைவிட அகலமான சிக்ஸ்து, ஸ்தாயி, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது என்று தினமும் நான்கைந்து மணி நேரம் பழகுவதாக ஒரு மாணவருக்கு எழுதினார். வாத்தியமும் அவருக்குக் கைகொடுத்தது. முன்பெல்லாம் அழுத்திய கட்டை நன்றாக மேலே எழுந்தால்தான் சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராகும். 1821-இல் எரார் நிறுவனம் காப்புரிமை பெற்ற புது அமைப்பில், கட்டை பாதி எழும்போதே சுத்தியல் மறுபடி அடிக்கும். ஒரே சுரத்தை மழைத்துளி போல அடுக்கடுக்காகக் கொட்ட முடிந்தது. எரார் பியானோ இல்லாமல் லிஸ்ட்டின் வித்தையை நினைத்துப் பார்ப்பது கஷ்டம்.

பதினைந்து வயதில் எழுதிய 12 பயிற்சிகளை லிஸ்ட் விடவேயில்லை. செர்னியின் வகுப்பு வாசனை வீசும் அந்தச் சின்ன உருப்படிகளை 1837-இல் பூதாகாரமாக வளர்த்தார். உலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இவற்றை வாசிக்க முடியாது என்று எழுதினார் ஷூமன். 1851-இல் மறுபடி எடுத்து, வீண் பாரத்தை இறக்கி, இன்று நாம் கேட்கும் ‘டிரான்ஸென்டென்டல்’ எட்யூட்களாக்கினார். காணிக்கை, ஆசான் செர்னிக்கு. இளம் வயதில் படித்த பாடத்தை 25 வருஷம் சுமந்து வளர்த்து, கடைசியில் வாத்தியாரின் காலடியிலேயே வைத்த சீடர் அவர்.

ஷோப்பானுக்குப் பெரிய கூட்டம் பிடிக்காது. வாழ்நாள் முழுவதும் அவர் பொதுமேடையில் வாசித்தது சுமார் 30 தடவைதான். எட்யூட்டைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனவர் லிஸ்ட். அதுவரை பாடகர், வயலின், ஆர்க்கெஸ்ட்ரா என்று கலந்து நடக்கும் கச்சேரியில் பியானோ ஓர் அங்கம் மட்டும்தான். லிஸ்ட் தனியாக உட்கார்ந்து முழு மாலையையும் ஏற்றுக்கொண்டார். 1840 ஜூனில் லண்டனின் ஹானோவர் ஸ்கொயர் அரங்கில் அவருடைய தனிக் கச்சேரிக்குச் சூட்டிய ‘ரிசைட்டல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நம் சங்கீதத்தில் இதற்கு ஓர் உறவு உண்டு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் அப்பியாச கானம், வீட்டோடு நின்றுவிடும். வர்ணமும் அப்பியாசத்துக்குத்தான், ஆனால் அது கச்சேரியின் முதல் உருப்படியாக மேடையிலும் உட்காரும். இரண்டு காலத்தில் வர்ணம் பழகிய எவருக்கும் ஷோப்பானின் எட்யூட்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாடமும் பாட்டும் ஒரே பொருளாக இருப்பதை அவர்கள் தொண்டையிலேயே அறிந்திருக்கிறார்கள்.

டெபுஸியின் ஐந்து விரல்

1915-ஆம் ஆண்டுக் கோடை. முதல் உலகப் போர் நடக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் க்ளோட் டெபுஸி புற்றுநோயோடு நார்மண்டிக் கடற்கரையில் பூர்வீல் என்ற ஊரில் தங்கியிருக்கிறார். போரினால் ஜெர்மன் பதிப்புகள் வருவது நின்றுபோக, பாரிஸ் பதிப்பாளர் டுராண்டுக்காக அவர் அதே வருஷம் ஷோப்பானின் படைப்புகளைச் செப்பனிட்டுக் கொடுத்திருந்தார். அந்த நெருக்கத்தின் சூடு ஆறுவதற்குள் தானே 12 எட்யூட்கள் எழுதினார். காணிக்கை, ஷோப்பானின் நினைவுக்கு.

முதல் உருப்படியின் பெயர் ஐந்து விரல்களுக்கானது; செர்னியை முன்வைத்து என்று கூடவே ஒரு குறிப்பு. சி, டி, ஈ, எஃப், ஜி என்று ஐந்து வெள்ளைக் கட்டைகளில் ஏறி இறங்குகிறது கை. உலகத்தில் பியானோ படித்த அத்தனை குழந்தைகளும் வாசித்த முதல் பாடம் அது. இரண்டாவது சுற்றுக்குள் எங்கிருந்தோ ஏ ஃபிளாட் என்ற ஒரு கறுப்புக் கட்டை குறுக்கே வந்து தட்டுகிறது. மறுபடி தட்டுகிறது. அந்த ஒற்றைச் சுரத்தின் வழியாகப் பாடம் கரைந்து நாட்டியமாகிவிடுகிறது.

இந்த 12 உருப்படிகளில் எங்கும் விரல் எண் கிடையாது. முன்னுரையில் அதற்குக் காரணம் எழுதியிருக்கிறார் டெபுஸி. ஒரே விரல் முறை எல்லார் கைக்கும் பொருந்தாது. எண் இல்லாமலிருப்பதே நல்ல பயிற்சி. அவரவர் விரலை அவரவர் தேடிக்கொள்வோம் என்கிறார். இரண்டாம் எட்யூட்டில் சுரத்துக்குச் சுரம் எண் எழுதிவைத்த ஷோப்பான் இதைக் கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் எண் எழுதியதும் இவர் எழுதாமல் விட்டதும் கையைக் கூர்ந்து பார்த்ததால்தான்.

பெருவிரல் ஈயில், நடு மூன்று விரல்கள் கறுப்பில், சுண்டு விரல் பியில். இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள். என் கைக்கு இது இருக்கும் விதம் வேறு, உங்கள் கைக்கு வேறு. அங்கிருந்துதான் பழக ஆரம்பிக்க வேண்டும்.